பூத்த வாரத்து வெயில்

நின்ற பயிரில் மணி பிடிக்கவில்லை என்று ஒரு விவசாயி எழுதிக் கொடுத்தால், பயிர் நிற்கும்போதே அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வரப்பில் நின்று பார்த்தால் போதாது, வயலுக்குள் இறங்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் செடிகளைத் தேர்ந்து, கதிரை உரித்துப் பார்த்து, காரணம் இன்னதென்று எழுத வேண்டும். அப்போது விவசாயி உடன் இருக்க வேண்டும். எழுதியதன் நகல் அவர் கைக்குப் போக வேண்டும். நான் வேலை பார்த்த துறையின் நடைமுறைக் கையேட்டில் இது தெளிவாக இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் அந்தக் கையேட்டின் மேல் டீ டம்ளரை வைத்திருக்கிறோம். அட்டையில் வட்ட வட்டமாகக் கறை இருக்கும். உள்ளே தாள்கள் புதுசாகவே இருக்கும்.

ஓய்வு பெற்றபின் அருப்புக்கோட்டையில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் குடியிருக்கிறேன். தெருக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. பட்டா மாறுதலோ, முதியோர் உதவித்தொகையோ, சாக்கடை அடைப்போ, எந்த மேசைக்கு எழுதுவது, யாருக்கு நகல் போடுவது, எப்போது நினைவூட்டுவது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கடைசியில் என் சொந்த அக்காவுக்காக ஒரு மனு எழுதினேன். அதற்குப் பதில் வந்ததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற அலுவலகங்கள் தங்களை ஏன் விட்டுவிட்டேன் என்று வருத்தப்படும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். திருச்சுழியில் இறங்கி மினி பஸ் மாறிப் போகிற ஒரு கரிசல் ஊரில் வாக்கப்பட்டவள். மச்சான் ஓர் ஐப்பசியில், மழை ஊற்றிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்த வருடம் மழை எங்கள் பக்கத்துக்கு நம்ப முடியாத அளவுக்குப் பெய்தது. துக்கத்துக்கு வந்தவர்கள்கூட வாசலில் நின்று முதலில் கிணற்றைப் பற்றித்தான் பேசினார்கள். தண்ணீர் கையால் மொள்ளுகிற உயரத்துக்கு வந்திருந்தது. மச்சான் ஆயுள் முழுக்க எதிர்பார்த்த கிணறு அது. அவர் பார்க்கவில்லை.

அக்காவுக்கு ஒரே மகன், கோயம்புத்தூரில் வேலை. அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதில் அவன் குறியாக இருந்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தனியாக இருக்கிற தாயை எந்த மகன் விட்டுவைப்பான். சூரிய மின்சாரக் கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கத்து நிலங்களை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். நிலத்தை அவர்களிடம் விட்டுவிடலாம் என்றான்.

மார்கழியில் மூவரும் உட்கார்ந்து பேசினோம்.

"கிணத்துல அம்புட்டுத் தண்ணி கெடக்கு. அத அப்படியே போட்டுட்டு நான் எங்கடா வாரது?" என்றாள் அக்கா.

"தண்ணி ஓடிப் போயிராதும்மா."

"வெயிலுக்குப் போயிரும்ல. ஒரே ஒரு போகம் பாக்குறேன். மக்காச்சோளம் போடுறேன். என்னால ஏலலேன்னு ஆச்சுன்னா நானே பொட்டியத் தூக்கிட்டு வந்துர்றேன். ஒழுங்கா வெளஞ்சுச்சுன்னா என்னய இங்கனயே விட்ரணும்."

"மாமா, நீங்கதான் சாட்சி" என்றான் மருமகன். "நாளைக்கு அம்மா மாத்திப் பேசும்."

"பேச மாட்டேன்ல. ஒங்கப்பன மாதிரி என்னய நெனைச்சியா?"

மச்சான் போனபிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சிரிப்பு கேட்டது.

தை பிறந்ததும் நிலத்தை உழுது பாத்தி கட்டி, முதல் தண்ணீரும் விட்டாயிற்று. விதை வாங்கியதும் நான்தான், அருப்புக்கோட்டைக் கடையில். அக்காவுக்கும் அவளுடைய பக்கத்துக் காட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்து வாங்கினேன். அந்தம்மா அக்காவை மதினி என்று கூப்பிடும், அக்காவும் அதை அப்படியே. நல்ல வாய், நல்ல மனசு. தன் காட்டில் உடனே ஊன்றிவிட்டது.

அக்கா ஊன்றவில்லை. காரணம் முதல் விதை. அந்த ஊரில் எந்த வெள்ளாமையானாலும் முதல் விதையை ஒரு சுமங்கலிதான் ஈசானி மூலையில் ஊன்ற வேண்டும். அதிலும் கைராசி பார்ப்பார்கள். அக்காவுக்கு நல்ல கைராசி என்று பெயர். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அந்தக் காட்டில் முதல் விதை அவள் ஊன்றியதுதான். அடுத்தவர்கள்கூட அவளை அழைத்துப் போய் ஊன்றச் சொல்வார்கள். மச்சான் போனதோடு அந்தக் கை கணக்கில் இல்லாமல் போய்விட்டது. யாரும் அவளைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவளே விலகிக்கொண்டாள்.

பக்கத்துக் காட்டுக்காரம்மா வந்து ஊன்றித் தருவதாகப் பேச்சு. அதற்குள் மதுரையில் அதன் மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று போன் வந்து, அந்தம்மா போய்விட்டது. குழந்தை பிறந்து, மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் வைத்து, அது திரும்பி வர நாளாகும் போலிருந்தது. அக்கா பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருந்தாள். பாத்தி ஈரம் காய்ந்தது. மறுபடி தண்ணீர் விட்டாள். கூலிக்கு வந்த பெண்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். கடைசியில் ஒரு காலை, அவர்கள் வருவதற்கு முன்னால், ஒருத்தரும் இல்லாத நேரத்தில் அவளே போய் ஈசானி மூலையில் ஊன்றிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு இது பங்குனியில்தான் தெரியும்.

பங்குனியில் நான் போனபோது மினி பஸ் ஜன்னலிலிருந்தே அக்காவின் காடு தெரிந்தது. இரு பக்கமும் சீமைக்கருவேலமும் வெடித்த கரிசலுமாகக் கிடக்க, நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்த பச்சை. பஸ்ஸில் ஒருவர், "யாரு காடுய்யா அது, கேரளா மாதிரி நிக்குது" என்றார். கண்டக்டர் என்னைக் காட்டி, "இவுக அக்கா காடுதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. காட்டின் ஓரத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய பானையைக் கம்பில் கவிழ்த்து வைத்திருந்தாள் அக்கா. கண் படாமல் இருக்க.

மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில் விசிறி மாதிரி விரியும். பெண் பூதான் இடையில் வருகிற கதிர். அதன் நுனியில் தொங்கும் குஞ்சத்தின் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு மணிக்கான வழி. மேலே இருந்து மகரந்தம் உதிர்ந்து இழையில் விழ வேண்டும், விழுந்தது உயிரோடு இருக்க வேண்டும். பூத்திருக்கும் காட்டுக்குள் காலையில் நடந்தால் தோளெல்லாம் மஞ்சள் தூசி படியும், கழுத்து அரிக்கும். நான் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். என்னிடம் வேறு நிறம் கிடையாது. இந்தக் கோடியில் நுழைந்து அந்தக் கோடியில் வெளியே வந்தேன். சட்டை அப்படியே இருந்தது. தோளைத் தட்டிப் பார்த்தேன், தட்ட ஒன்றும் இல்லை.

திரும்ப உள்ளே போனேன். குஞ்சங்கள் ஒரு முழ நீளத்துக்கு வளர்ந்து, இன்னும் ஈரமாக, பளபளப்பாகத் தொங்கின. மகரந்தம் கிடைத்த இழை இரண்டொரு நாளில் காய்ந்து பழுப்பாகிவிடும். கிடைக்காதது நீண்டுகொண்டே இருக்கும், கிடைக்குமோ கிடைக்குமோ என்று. சில செடிகள் ஒரு கதிர் போதாதென்று கீழே இரண்டு மூன்று புதுக் கதிர்களைத் தள்ளியிருந்தன. ஒன்றை ஒடித்து உரித்தேன். முத்து வைக்க வேண்டிய இடத்தில் வெறும் குழிகள். அடுத்ததிலும் அப்படியே. இன்னொன்றில் எங்கோ இரண்டு மணி.

ஆண் பூவை உள்ளங்கையில் கசக்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பைகள் திறக்கவே இல்லை. உள்ளே இருந்தது சுருங்கிப்போன உமி.

அக்கா மோட்டார் ரூம் பக்கமிருந்து, "எப்படி இருக்கு தம்பி?" என்றாள்.

பணிக்காலம் முழுக்கப் பயிரைப் பார்த்துக் கருத்துச் சொன்னவன் நான். "பச்சையா இருக்கு" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா. கதிரு?"

உரித்த கதிரைக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கமாகத் தடவினாள். பிறகு வரப்பில் உட்கார்ந்துகொண்டு, தை மாதத்துக் காலையில் தான் செய்ததைச் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மதினி காட்டப் போயிப் பாரு" என்றாள் முடிவில். "அதே வெத. நீதான வாங்கியாந்த. அங்க கதிரு ஒடியுற மாதிரி மணி கட்டியிருக்கு. அவ கையி ஊன்னுனது."

போய்ப் பார்த்தேன். கட்டித்தான் இருந்தது. அந்தம்மா பேரப்பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில், "என்னண்ணே, மதினி காட்ட விட நம்ம காடு குட்டையா நிக்குதுன்னு பாக்கீகளா? அவுக தண்ணிக்காரவுக" என்றது. நான் ஒரு கதிரை உரித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

எனக்கு என்ன நடந்தது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த வருடம் வெயில் சித்திரைக்குக் காத்திருக்கவில்லை. பங்குனித் தொடக்கத்திலேயே ஒரு வாரம், பத்து நாள், அனல் காற்று அடித்தது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் தறிக்காரர்கள் மத்தியானம் தறியை நிறுத்திவிட்டு ஈரத்துண்டோடு படுத்துக் கிடந்தார்கள். பக்கத்துக் காடு அதற்கு முன்பே பூத்து, மகரந்தம் உதிர்த்து, வேலையை முடித்துவிட்டது. அக்காவின் காடு அந்த வாரத்தில்தான் பூ விட்டது. இடையில் இருந்தது அவள் காத்திருந்த நாள்கள்.

அக்கா தன் கையை நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கையை நம்பாமல் காத்திருந்தது செய்துவிட்டது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமலே விட்டேன்.

விஷயம் கேள்விப்பட்டதும் மருமகன் போன் செய்தான். "மாமா, அம்மாவுக்கு ஏலலேன்னு ஆயிருச்சுல்ல?"

"அம்மா மேல தப்பில்லப்பா. வெயில்."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. ஒங்க அக்கா."

"நான் இதையே சர்வீஸ் பூரா பாத்தவன்."

"அப்போ ஆபீஸ்ல எழுதி வாங்குங்க. அம்மா தப்பில்லன்னு காகிதம் வரட்டும், நான் வாயத் தெறக்கல. இன்னொரு போகம் பாக்கட்டும்."

நியாயமான பேச்சு. இதைக் கேட்டு அக்காவும், "ஆமா தம்பி, எழுதி வாங்கு. அவனுக்காக இல்ல. எனக்குத் தெரியணும்" என்றாள். மருமகன் கேட்ட காகிதம் ஒன்று, அக்கா கேட்ட காகிதம் வேறு. ஒரே மனுவில் இரண்டையும் கேட்டேன்.

மனுவை விதியைச் சுட்டி, பத்தி பிரித்து, இணைப்புப் பட்டியல் போட்டு எழுதினேன். நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு மனு என் மேசைக்கு வந்திருந்தால் அந்த ஆள் வக்கீல் என்று நினைத்துப் பயந்திருப்பேன்.

விதிப்படி ஆள் வந்தது. அக்காவுக்கு முன்தகவல் வரவில்லை. ஒரு இளைஞர் பைக்கில் வந்து, ரோட்டோரம் நிறுத்தி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் செல்போனில் காட்டைப் படம் எடுத்திருக்கிறார். இடமும் நேரமும் தானே பதிவாகிற படம். அக்கா மோட்டார் ரூமிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அவர் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, காடு சூப்பரா நிக்குது. இதுக்கா மனு?"

"உள்ள வந்து ஒரு கதிர உரிச்சுப் பாருங்க தம்பி."

"பாத்துட்டேன்மா. நான் இன்னும் நாலு ஊரு போவணும்."

அந்த இளைஞரை நான் திட்டப்போவதில்லை. பலருடைய வேலையை அவர் ஒருவர் பார்க்கிறார். அதைவிட, அவர் இந்த மண்ணில் பிறந்தவர். எங்கள் பக்கத்துக் கண்ணுக்கு வெளுத்ததையும் கருகியதையும் சுருண்டதையும் சந்தேகிக்கத் தெரியும். பச்சையைச் சந்தேகிக்கத் தெரியாது. ஊற்றிய தண்ணீருக்கு இலை பச்சையாக இருக்கும், பூவுக்குள் எல்லாம் செத்திருக்கும் என்று சொன்னால், தஞ்சாவூர்க்காரன் ஒருவேளை நம்புவான். திருச்சுழிக்காரன் பச்சையைப் பார்த்தால் கும்பிடுவான்.

நகல் மட்டும் விதிப்படி தபாலில் வந்தது. "பயிர் செழிப்பாக உள்ளது. வறட்சி பாதிப்பு இல்லை. பூச்சித் தாக்குதல் இல்லை. நோய்த் தாக்குதல் இல்லை. நீர்ப் பற்றாக்குறை இல்லை. விதை முளைப்பில் குறை இல்லை." இத்தனை இல்லைகளையும் வரிசையாக அடித்து, கீழே கையெழுத்து.

அக்கா எட்டாவது படித்தவள். எழுத்துக் கூட்டாமலே வாசிப்பாள். நான் அடுத்த வாரம் போனபோது அதை மடித்து மஞ்சப்பையில் வைத்திருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டாக" என்றாள். "வெத சரி. தண்ணி சரி. பூச்சி இல்ல, சீக்கு இல்ல. அப்ப மிச்சம் என்ன தம்பி?"

பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிச்சம் நாந்தான."

ஓர் அலுவலகக் காகிதம் அப்படி வாசிக்கப்படும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நாங்கள் 'குறை ஏதும் காணப்படவில்லை' என்று எழுதினால் கோப்பை மூடுகிறோம் என்று அர்த்தம். அவள் அதில் தன் பெயரை வாசித்தாள்.

அன்றைக்கு அவளுக்கு விளக்க முயன்றேன். மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து, ஒரு பூவைப் பிய்த்து வைத்துக்கொண்டு சொன்னேன். செடியில் சாவுக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. வேப்பமரம் மாசியில் இலை உதிர்க்கிறதே, அது காற்றில் விழுவதில்லை. காம்படியில் ஒரு வரிசைச் செல்கள் தங்களைத் தாங்களே கரைத்துக்கொண்டு இலையை விடுவிக்கின்றன. மழையில் வேர் மூழ்கினால் வேருக்குள்ளே சில செல்கள் செத்து, மற்றவை மூச்சு விட வழி ஒதுக்கும். எது சாக வேண்டும், எப்போது என்பது செடிக்குத் தெரியும். உரிய நேரத்துச் சாவால்தான் அது வளரவே முடிகிறது.

பூவுக்குள்ளும் அப்படித்தான். மகரந்தப் பையின் உள்சுவரில் ஒரு வரிசைச் செல்கள் உண்டு. மகரந்தத்துக்கு ஊட்டுவதுதான் அவற்றின் வேலை. ஊட்டி முடித்ததும் அவையே செத்துக் கரைந்து, மிச்சத்தையும் மகரந்தத்துக்கே கொடுத்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் தாங்க முடியாத வெயில் அடித்தால் அவற்றின் கணக்குக் குழம்பிவிடுகிறது. ஊட்டி முடிக்கும் முன்பே சாகின்றன. மகரந்தம் பட்டினி கிடந்து சுருங்கிவிடும். செடிக்கு இலையில் ஒரு குறையும் இருக்காது. கதிருக்குப் போக வேண்டிய சத்தும் போக இடமில்லாமல் தண்டிலும் இலையிலும் தங்கி, இன்னும் பச்சையாக நிற்கும்.

அக்கா கவனமாகக் கேட்டாள்.

"அப்ப தாயி முந்திச் செத்துட்டா. பிள்ள பட்டினி."

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"வெயிலுதான் காரணமா?"

"வெயில்தான்."

"வெயிலு மதினி காட்டுலயும்தான தம்பி அடிச்சுது?"

இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தக் காடு முன்பே பூத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ஏன் முன்பே பூத்தது என்று அவள் கேட்பாள். கேட்டால், நீ காத்திருந்ததால் என்று வந்து நிற்கும். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தேன்.

"என்னல, படிச்சவன் முழிக்க?" என்றாள். சிரிப்பதற்குத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது மனுவை மேலிடத்துக்கு எழுதினேன். முதல் ஆய்வு விதிப்படி நடக்கவில்லை என்று விளக்கி, கதிர்களையும் பூக்களையும் செய்தித்தாளில் சுற்றி மாதிரியாகக் கட்டிக்கொண்டு போய், பரிசோதனைக்கு அனுப்பக் கேட்டு, நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். அங்கே என்னிடம் ஒரு காலத்தில் பயிற்சி பெற்றவர் உயர் பதவியில் இருந்தார். எழுந்து நின்று, "சார், நீங்க எதுக்கு அலையுறீங்க, ஒரு போன் போட்டா போதாதா" என்றார். அதன்பிறகு நான் போன் போட்டேன். ஒவ்வொரு முறையும், "சார், ஃபைல் மூவ்மெண்ட்ல இருக்கு" என்றார். அது பொய் இல்லை. கோப்பு நகரும். நத்தைகூடத்தான் நகரும், அதற்கு யாரும் பதிவேடு வைப்பதில்லை.

பயிர் காத்திருக்காது. வைகாசியில் அக்கா அதை மாட்டுத் தீவனத்துக்கு வெட்டக் கொடுத்தாள். வெட்ட வந்தவன் தண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, கரும்பு மாதிரி இனிக்குது. மாடு ஒடிச்சு ஒடிச்சுத் திங்கும்" என்று சந்தோஷப்பட்டான். தண்டுகள் அடியில் சிவப்பேறி இருந்தன. மணிக்குப் போயிருக்க வேண்டிய இனிப்பு அது. லோடு ஏற்றி முடித்து, கரும்புள்ளி குத்திய பானையை என்ன செய்வதென்று அவன் கேட்டான். "ஒடைச்சுப் போட்ரு" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவள் எதையும் ஊன்றவில்லை. வீட்டுக்குப் பின்னால் வருடாவருடம் போடும் அவரை, புடலை எதுவும் போடவில்லை. பக்கத்துக் காட்டுக்காரம்மா நாற்றுக் கொண்டுவந்து, "மதினி, ரெண்டு கத்திரி நட்டு வைங்க, கொழம்புக்காகும்" என்றபோது, "நீயே நட்டுட்டுப் போ. நான் தண்ணி ஊத்துறேன்" என்றாளாம். அந்தம்மா என்னிடம் சொல்லி அழுதது. "அண்ணே, நான் மகளுக்குன்னு ஓடாம இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்காதுல்ல?" அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அந்த வருடம் பதில் சொல்லாமல் இருப்பதில் நானும் ஓர் அலுவலகம் ஆகியிருந்தேன்.

மருமகன் கொடுமைக்காரன் இல்லை. ஆடி கழியும்வரை காகிதத்துக்குப் பொறுத்தான். ஆவணியில் வந்து, "இன்னும் எம்புட்டு நாளும்மா?" என்று மட்டும் கேட்டான். நான், பேசிய பேச்சுக்குச் சாட்சி, இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்றேன். அக்காதான் என்னைத் தடுத்தாள்.

"விடு தம்பி. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். பொட்டியத் தூக்குறேன்னுதான சொன்னேன்."

"காகிதம் வரும்க்கா."

"வரட்டும். வந்தா வாசி."

நிலம் குத்தகைக்குப் பதிவானது. அக்கா கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசி எழுத்தில் பேனா நின்று, மை பரவியது. அந்த மாதமே கம்பெனி ஆட்கள் காட்டில் வரிசை வரிசையாக இரும்புத் தூண் இறக்கினார்கள். கிணற்றில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் இருந்தது. கான்கிரீட் கலக்கப் பயன்பட்டது.

கோயம்புத்தூரில் அவளை ஒரு முறை போய்ப் பார்த்தேன். நாலாவது மாடி. நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். பால்கனியில் மருமகள் நாலைந்து தொட்டிகளில் மண் நிரப்பி, அத்தை பொழுதுபோக்காக ஏதாவது போடட்டும் என்று வைத்திருந்தாள். எல்லாத் தொட்டியிலும் மண் இருந்தது. மண் மட்டும்தான் இருந்தது. அக்கா அதற்கும் காலையில் தண்ணீர் தெளிப்பாளாம், தூசி பறக்காமல் இருக்க.

பிறகு ஒரு நாள் மத்தியானம் எங்கள் தெருவுக்குப் பதிவுத் தபால் வந்தது. உறையைக் கத்திரியால் ஓரம் நறுக்கித்தான் திறந்தேன், பழக்கம். நன்றாக எழுதப்பட்ட கடிதம். இதைச் சொல்லியாக வேண்டும். யாரோ ஒருவர் மாதிரியை உண்மையாகவே பார்த்திருந்தார். பூக்கும் தருணத்தில் நிலவிய அதிக வெப்பத்தாலும் வறண்ட காற்றாலும் மகரந்தம் வளர்ச்சி நின்று உயிரற்றுப் போனதே மணி பிடிக்காமைக்குக் காரணம் என்றும், விதையிலோ உரத்திலோ நீர் பாய்ச்சியதிலோ விவசாயியிடம் குறை இல்லை என்றும் இருந்தது. கடைசியில் ஒரு வாக்கியம்: விதைப்பு தாமதமானதால் பூக்கும் தருணம் வெப்பத்தில் சிக்கியது, இனி உரிய காலத்தில் விதைக்குமாறு விவசாயி அறிவுறுத்தப்படுகிறார்.

அக்காவுக்குப் போன் செய்து வாசித்தேன். கடைசி வாக்கியத்தை வாசிக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"இன்னொருக்க வாசி" என்றாள்.

வாசித்தேன்.

"கையப் பத்தி ஒண்ணும் எழுதலயே தம்பி."

"அதையெல்லாம் சோதிக்க அங்க வழி கிடையாதுக்கா."

"அப்ப அவுகளுக்கும் தெரியலன்னுதான அர்த்தம்."

நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளே பேச்சை மாற்றினாள்.

"என்னைக்கு வந்துச்சு?"

கடிதத்தில் போட்டிருந்த தேதி ஆடி மாதத்துடையது. அதை அவளிடம் சொல்லவில்லை. என் கைக்கு வந்த நாளைச் சொன்னேன். புரட்டாசி முதல் நாள்.